மேஜை ஆயத்தமாயிருந்தால் ஆராதனை நீளாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவப் பண்டிகைகள் வரும்போது ஆலய அலங்காரமும் பாடகர் குழுவும் நாளிதழ்களில் தவறாமல் இடம்பிடிக்கின்றன. ஆலயத்துக்குள் மேஜையருகே நடப்பதைப் பற்றி எழுதுவோர்தான் குறைவு. இயேசுவின் கடைசி இரவு உணவை நினைத்து அந்த மேஜையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்வதே திருவிருந்து. மெதடிஸ்ட் சபைகளில் திருவிருந்து ஞாயிறு என்றாலே "இன்றைக்கு நேரமாகும்" என்ற முணுமுணுப்பு கிளம்பிவிடுகிறது. அதற்குப் பரிகாரம் என்று பல இடங்களில் நன்றி ஜெபத்தைப் பாதியாக வெட்டுகிறார்கள். சபையார் சொல்லவேண்டிய பதில்களையும் போதகரே சொல்லி முடித்துவிடுகிறார். நேரத்தை விழுங்குவது ஜெபம் அல்ல, ஆயத்தக் குறைவு. இதைச் சபைப் பொறுப்பாளர்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்தக் கடிதம்.

மெதடிஸ்டுகள் தனிச் சபையானதில் இந்த மேஜைக்குப் பெரிய பங்கு உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சாகும்வரை இங்கிலாந்து திருச்சபையின் குருவாகவே இருந்தார். அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பின் அங்கிருந்த மெதடிஸ்டுகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் திருவிருந்து பரிமாறவும் குருமார் கிடைக்கவில்லை. லண்டன் பேராயரிடம் கேட்டும் பலனில்லை. கடைசியில் 1784 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரில் வெஸ்லியே கைகளை வைத்து ஆட்களைக் குருத்துவப் பணிக்கு அபிஷேகம் செய்து அனுப்பினார். அவர்கள் கையில் கொடுத்த கடிதத்தில், மூப்பர்கள் (அபிஷேகம் பெற்ற போதகர்கள்) ஒவ்வொரு ஞாயிறும் திருவிருந்து பரிமாறவேண்டும் என்று ஆலோசனையும் சொன்னார். அப்படியிருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற வழக்கம் எப்படி வந்தது? குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிய மூப்பர்கள் சிலரே. ஒருவர் பொறுப்பிலிருந்த ஊர்களின் தொகுப்பான சர்க்கியூட்டோ பரந்து கிடந்தது. மூப்பர் வந்தபோதுதான் திருவிருந்து. ஆள் பற்றாக்குறையால் வந்த வழக்கம் நாளடைவில் கொள்கைபோல நிலைத்துவிட்டது. அடிக்கடி வாங்கினால் பயபக்தி குறைந்துவிடும் என்பவர்களுக்கு, 1732இல் ஆக்ஸ்போர்டு மாணவர்களுக்காக எழுதி 1787இல் அச்சிட்ட பிரசங்கத்தில் வெஸ்லி பதில் சொல்லியிருக்கிறார்: பழக்கமில்லாத பொருளின்மேல் வரும் பயபக்தி வேறு, விசுவாசத்தால் வரும் பயபக்தி வேறு, முன்னது குறைந்தால் நஷ்டம் எதுவும் இல்லை.

திருவிருந்து ஆராதனை முறைமையின் அமைப்பு எளிது. வசனமும் பிரசங்கமும் முடிந்தபின் பாவ அறிக்கை, மன்னிப்பின் வார்த்தை, சமாதான வாழ்த்து, காணிக்கை. அதன்பின் எடுத்தல், ஸ்தோத்திரித்தல், பிட்குதல், கொடுத்தல் என்ற நான்கு செயல்கள். இரண்டாவதான பெரிய நன்றி ஜெபம்தான் எல்லாவற்றுக்கும் நடுநாயகம். உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள் என்ற அழைப்பில் தொடங்கி, சிருஷ்டிப்பையும் மீட்பையும் நினைவுகூர்ந்து, பரிசுத்தர் பரிசுத்தர் என்று சபையார் பாடி, ஆண்டவர் அப்பத்தை எடுத்த இரவைச் சொல்லி, பரிசுத்த ஆவியானவர் சபையின்மேலும் அப்பம், திராட்சை ரசத்தின்மேலும் இறங்கவேண்டும் என்று வேண்டி, சபையாரின் ஆமென் சத்தத்தில் முடியும். நிதானமாகச் சொன்னாலும் ஐந்து, ஆறு நிமிடம்தான். இதைச் சுருக்குபவர்கள் அந்த இரவின் வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆவியானவரை வேண்டும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். 1745இல் வெஸ்லி சகோதரர்கள் திருவிருந்துக்கென்றே 166 பாடல்களைத் தொகுத்தார்கள். ஆவியானவரை அழைக்கும் பாடல்களும் அவற்றில் உண்டு. அந்தப் பரம்பரையில் வந்த சபை இந்தப் பகுதியைக் கைவிடுவது பொருத்தமாகப் படவில்லை. நேரம் மிச்சப்படவேண்டும் என்றால் அறிவிப்புகளில் கை வையுங்கள். அச்சடித்துக் கொடுத்ததையே மறுபடி ஒலிபெருக்கியில் வாசிப்பதில் பத்து நிமிடம் போகிறது.

இனி ஆயத்தம். சிறு கிண்ணங்களில் கொடுக்கும் சபையில் ஒருவருக்கு 6 மில்லி போதும். நூறு பேருக்கு 600 மில்லி. சிந்துவதையும் கடைசி நேரத்தில் வருபவர்களையும் சேர்த்து 750 மில்லி வைத்துக்கொள்ளலாம். வழக்கமான வட்டத் தட்டு ஒன்றில் 40 கிண்ணம் நிற்கும். மூன்று தட்டு இருந்தால் 120 பேர். கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றவேண்டாம். விளிம்புவரை ஊற்றினால் தட்டைத் தூக்கும்போதே தளும்பும். கை நடுங்கும் முதியவர் மடியில்தான் அது விழும். நுனி சிறுத்த பிழியும் புட்டியால் ஊற்றினால் நூறு கிண்ணம் பத்து நிமிட வேலை. ஆராதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னதாக ஊற்றி வைக்காதீர்கள். எறும்பும் பழ ஈயும் மூடிக்குள் எப்படியோ வழி கண்டுபிடித்துவிடும்.

சாற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரும்பாலான மெதடிஸ்ட் சபைகள் புளிக்காத திராட்சைச் சாற்றையே பயன்படுத்துகின்றன. வெஸ்லி காலத்தில் இந்த வழக்கம் இல்லை; அவர் பரிமாறியது ஒயின்தான். 1869இல் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் பல் மருத்துவர், லூயி பாஸ்டரின் முறையைப் பின்பற்றி, புட்டியில் அடைத்த சாற்றைச் சூடாக்கிப் புளிப்பதைத் தடுத்தார். திருவிருந்துக்குப் பயன்படவேண்டும் என்பதே அவர் நோக்கம். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுவருபவர் பயமில்லாமல் மேஜைக்கு வரலாம் என்பது இதன் பெரிய நன்மை. சபையிலேயே சாறு தயாரிப்பவர்கள் தவறுவது இந்தச் சூட்டில்தான். திராட்சைத் தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது. பிழிந்து வடிகட்டி அப்படியே வைத்தால் ஓரிரு நாளில் நுரைக்கத் தொடங்கும். சாற்றை 85 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்கி, வெந்நீரில் கொதித்த புட்டியில் சுடச்சுட ஊற்றி மூடவேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சமைத்த வாடை வந்துவிடும். திறந்த புட்டி குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். மாதம் ஒருமுறை திருவிருந்து உள்ள சபையில் மிச்சப் புட்டியை அடுத்த மாதத்துக்கு எடுத்துவைப்பதுதான் பெரும்பாலான கோளாறுக்குக் காரணம். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தால் அது புளித்துவிட்டது. வேறு புட்டியை எடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தயங்குவது உண்டு. 6 மில்லி சாற்றில் சர்க்கரை ஒரு கிராம் அளவுதான்.

அப்பத்துக்கு, போதகர் எல்லார் கண்ணுக்கும் தெரியப் பிட்க முழு ரொட்டி ஒன்று மேஜையில் இருக்கவேண்டும். ஏற்கெனவே துண்டு போட்டதை வைத்துக்கொண்டு பிட்பதுபோல் சைகை காட்டுவது அழகாக இல்லை. ஒரே அப்பத்திலிருந்து கையால் பிய்த்துக் கொடுப்பதானால் நூறு பேருக்கு 400 கிராம் ரொட்டி தாராளம். துண்டுகளாக வைப்பதானால் ஓரத்தை நீக்கிய சதுர ரொட்டித் துண்டு ஒன்றை நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் ஆறு என்று வெட்டினால் 36 கிடைக்கும். நூறு பேருக்கு மூன்று துண்டு, கையிருப்பாக இன்னும் ஒன்று. அன்று காலையில் வெட்டி, ஈரமில்லாத வெள்ளைத் துணியால் மூடுங்கள். முந்தின இரவே வெட்டினால் ஓரம் விறைத்து, எடுக்கும்போது உதிரும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தனித் தட்டு, தனிக் கத்தி. மெல்லிய வட்ட அப்பமும் பெரும்பாலும் கோதுமையில் செய்ததுதான். அது மாற்று ஆகாது. அரிசி அப்பத்தைப் பொதுத் தட்டின் ஓரத்தில் வைத்தால் கோதுமைத் துகள் ஒட்டி, தனியாக வைத்ததன் பயனே போய்விடும்.

அப்பத்தை ரசத்தில் தோய்த்து வாங்கும் முறை சுகாதாரமானது என்று பலர் நினைக்கிறார்கள். விரல்கள் ரசத்தில் முங்காதவரைதான் அது உண்மை. பாத்திரத்தில் ரசம் குறையக் குறைய ஆட்கள் விரலை ஆழமாக விடுகிறார்கள். பரிமாறுபவரே தோய்த்துக் கொடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அதற்கு மிருதுவான ரொட்டி ஆகாது. அடியில் துகள் படிந்து கடைசியில் வருபவர்களுக்குக் கஞ்சிபோல் ஆகிவிடும். சற்று இறுகிய ரொட்டியே நல்லது. மேலே அப்பமும் கீழே சாறுமாக ஒட்டி அடைத்து வரும் கிண்ணங்கள் கொரோனா காலத்தில் பரவின. அவற்றின் இரண்டு படலங்களையும் பிரிப்பது முதியவர்களுக்குப் பெரும்பாடு. ஜெபத்தின் நடுவே நூறு கிண்ணம் ஒரே நேரத்தில் சரசரக்கிறது. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இப்போது நேரக் கணக்கு. மேஜைக்கு முன்னுள்ள கிராதியில் (தடுப்புக் கம்பியில்) 12 பேர் முழங்காலிடலாம், ஒரு பந்திக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 120 பேருக்குப் பத்துப் பந்தி, அரைமணி நேரம். நின்று வரிசையில் வாங்கி, இரண்டு இடத்தில் இருவர் இருவராகப் பரிமாறினால் அதே 120 பேருக்கு எட்டு முதல் பத்து நிமிடம். முழங்காலிடுவது வேண்டாம் என்று சொல்லவரவில்லை. அந்தப் பழக்கத்தைக் காப்பாற்ற விரும்பும் சபை, ஒரு பந்தி எழும்போதே அடுத்த பந்தி கிராதியின் மறுமுனையிலிருந்து நிரம்பும்படி ஆட்களை நகர்த்தும் பெஞ்சு உதவியாளர் ஒருவரை நிறுத்தவேண்டும். நேரம் வீணாவது பரிமாறுவதில் அல்ல, இரண்டு பந்திகளுக்கு நடுவே தயங்கி நிற்பதில். போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருக்கட்டும். காலிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்கள் கையில் பிடித்தபடி திரும்பும் சபைகளும் உண்டு. கிராதியிலேயே துளைகள் உள்ள பலகை பொருத்தினால் போதும். நடக்க இயலாதவர்களுக்கு இருக்கைக்கே கொண்டுபோகும்போது கடைசியில் போகாமல் முதலில் போங்கள்.

பரிமாற உதவுபவர்கள் சபையார் யாராகவும் இருக்கலாம். நன்றி ஜெபத்தை நடத்துவதோ பொதுவாக அபிஷேகம் பெற்ற போதகரின் பொறுப்பு. உள்ளூர்ப் பிரசங்கியார் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அந்த அதிகாரம் தானாக வந்துவிடாது. போதகர் பற்றாக்குறை உள்ள இடங்களில் குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட இடத்துக்கு அனுமதி கொடுக்கும் மாநாடுகள் (மெதடிஸ்ட் ஆளுகை மன்றங்கள்) உண்டு. உங்கள் மாநாட்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாங்குபவர்கள் விஷயத்தில் மெதடிஸ்ட் மேஜை திறந்த மேஜை. வேறு சபையார் உறுப்பினர் சீட்டு காட்டவேண்டியதில்லை. மனந்திரும்பி ஆண்டவரைத் தேடும் எவரும் வரலாம் என்பதே அழைப்பு. சபைக்குள் இருப்பவர்களே ஒதுங்கி உட்காருவதுதான் வருத்தம். தகுதியற்றவிதமாய் வாங்கக்கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய எச்சரிப்பைக் கேட்டு, தாங்கள் தகுதியற்றவர்கள் என்று எழாமலே இருந்துவிடுகிறார்கள். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்த பந்தி ஒழுங்கீனத்தைத்தான் அந்த வேதப் பகுதி கண்டிக்கிறது. வெஸ்லியின் தாயார் சூசன்னாவுக்குத் தம் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் கிடைத்ததே மேஜையில்தான். மருமகன் பாத்திரத்தைக் கொடுத்துச் சொன்ன வார்த்தைகளில் அது கிடைத்ததாக 1739இல் மகனிடம் சொன்னார். நிச்சயம் வந்தபிறகு வாங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இதைப் போதகர்கள் எடுத்துச் சொல்லலாம். பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் வழக்கம் சபைக்குச் சபை மாறும். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்றால் கொடுக்கும் சபையும் உண்டு, திடப்படுத்தல்வரை (வளர்ந்தபின் தாமே விசுவாசத்தை அறிக்கையிடும் சடங்குவரை) காத்திருக்கச் சொல்லும் சபையும் உண்டு. எதுவானாலும் முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். நீட்டிய கையைக் கிராதியில் வைத்துத் தட்டிவிடுவதைப்போல் கொடுமை வேறில்லை.

மிச்சமானதைக் குழாயடியில் கொட்டவேண்டாம். ஆராதனை முடிந்ததும் போதகரும் உதவியாளர்களும் உண்டு குடித்து முடிக்கலாம், அல்லது ரசத்தை மிதிபடாத மண்ணில் ஊற்றிவிடலாம். கிண்ணங்களை அன்றே கழுவவேண்டும். சாறு காய்ந்துவிட்டால் அடியில் பிசினாக ஒட்டும். சோப்பு வாசனை நீங்க இரண்டு முறை அலசிக் கவிழ்த்து உலர்த்துங்கள். மேஜை விரிப்பில் சிந்தினால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். கட்டிச் சோப்பு போட்டுத் தேய்த்தால் கறை நிலைத்துவிடும்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு அன்றைய மேஜையிலிருந்தே எடுத்துப்போவது நல்ல வழக்கம். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு உலர்ந்த அப்பம் ஆபத்து. பராமரிப்பவரிடம் கேட்டுக்கொண்டு, ரசத்தில் நனைத்த ஒரு துகளை மட்டும் கொடுங்கள். அதுவும் கூடாது என்றால் உதட்டில் ஒரு துளி போதும். நினைவு தப்பியவர்களிடம் புதிய ஜெபங்களைவிடக் கர்த்தருடைய ஜெபம் பலன் தரும்; பெயர் மறந்தவர்கள்கூட அதைச் சேர்ந்து சொல்வார்கள்.

ஞானஸ்நானத்துக்கு வருவோம். மெதடிஸ்டுகள் ஏற்கும் சாக்கிரமந்து, அதாவது கிறிஸ்துவே ஏற்படுத்திய அருளடையாளம், இரண்டில் இது முதலாவது. திருமணமும் திடப்படுத்தலும் சடங்குகள்தான், சாக்கிரமந்து அல்ல. தெளித்தல், ஊற்றுதல், முழுக்குதல் மூன்றுமே செல்லும். தண்ணீரும் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமமும் அவசியம். பெற்றோர், ஞானப் பெற்றோர், சபையார் மூவருமே வாக்குக் கொடுக்கிறார்கள். சபையாரின் வாக்கை முணுமுணுத்துத் தாண்டிவிடுவது பெரிய குறை. அந்தப் பிள்ளையை ஞாயிறு பள்ளியில் யார் நடத்தப்போகிறார் என்பதே அதில்தான் இருக்கிறது.

ஆராதனை தொடங்கும்போது ஞானஸ்நானத் தொட்டி காலியாக இருக்கட்டும். ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைக் கூஜாவில் கொண்டுவந்து, எல்லார் காதிலும் விழும்படி சபைமுன் ஊற்றுங்கள். தேநீர்க் கோப்பையில் விரல் நனைக்கிற அளவு தண்ணீர் வைத்தால் பின் பெஞ்சுக்கு என்ன தெரியும்? அதிகாலையிலேயே நிரப்பினால் தண்ணீர் குளிர்ந்து, பிள்ளை வீரிட்டு அழும். பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே சீட்டில் எழுதி, அதைத்தான் போதகர் கையில் கொடுக்கவேண்டும். பதிவேட்டில் ஓர் எழுத்து மாறினால் இருபது வருடம் கழித்துத் திருமணப் பதிவின்போது அலையவேண்டிவரும். புகைப்படக்காரருக்கு ஓர் இடம் குறித்துவிடுங்கள். தொட்டிக்கும் சபைக்கும் நடுவே அவர் முதுகு நின்றால், வாக்குக் கொடுத்த சபை எதையும் பார்க்காது.

ஞானஸ்நானம் ஒருமுறைதான். சிறுவயதில் பெற்றது தமக்கு நினைவில்லை, மறுபடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, அன்று செய்த வாக்கைப் புதுப்பிக்கும் முறைமை இருக்கிறது. அதில் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைக்கலாம். ஆனால் "ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்ற வார்த்தையோ, மும்முறை ஊற்றுவதோ கூடாது. பார்ப்பவர்களுக்கு மறு ஞானஸ்நானமாகவே தெரியும். நோயுற்ற சிசுவுக்காகப் பதறும் பெற்றோரிடம் போதகர் உடனே போகவேண்டும். ஆனால் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசு கிறிஸ்துவின் கிருபைக்கு வெளியே போய்விட்டதாக மெதடிஸ்டுகள் போதிப்பதில்லை. இறந்தபின் ஞானஸ்நானம் கொடுப்பதும் இல்லை. அந்த வீட்டில் இதைத் தெளிவாகச் சொல்ல ஆள் வேண்டும்.

சபையார் தங்களைக் கடவுளுக்கு மறுபடி ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனை பற்றி ஒரே ஒரு வார்த்தை. 1755 ஆகஸ்டில் லண்டனில் வெஸ்லி நடத்தியபோது சுமார் 1800 பேர் எழுந்து நின்றார்கள். இன்று ஆண்டின் முதல் ஞாயிறு பல சபைகள் நடத்துகின்றன. அந்த ஜெபத்தின் வாக்குகள் கடினமானவை. ஒரு வாரம் முன்னதாகவே வீட்டுக்குக் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல், அன்று காலை திடுதிப்பென்று கையில் திணித்துச் சொல்லச் சொல்வது சரியல்ல. போதகர் வரமுடியாத ஞாயிறுகளில் அன்பின் விருந்து நடத்தலாம். அப்பமும் தண்ணீரும் பகிர்ந்து, சாட்சி சொல்லிப் பாடும் அந்தப் பழைய முறை சாக்கிரமந்து அல்லாததால் அபிஷேகம் பெற்றவர் தேவையில்லை. கைவிட்ட சபைகள் மீட்டெடுக்கலாம்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை. பண்டிகைக் கால ஆராதனை நேரங்களை வெளியிடும்போது, எந்த ஆராதனையில் திருவிருந்து, எதில் ஞானஸ்நானம் என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்தால் உதவியாக இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவர்களும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும், உறவினர் வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு முதல்முறையாக ஆலயத்துக்குள் வரும் பிற மதத்தாரும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வருவார்கள். அறிவிப்பு அனுப்பும் சபைச் செயலாளர்கள் தொடர்புகொள்ள வேண்டியவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்தே அனுப்பட்டும்.

இப்படிக்கு,
மெதடிஸ்ட் சபை ஆராதனைக் குழுவினர்